டேப்லெட்டுக்குத் தனி சிம்மா? செல்போன் இணைப்பே போதுமா?

"விலை என்ன?" என்று கேட்டுப் பொருள் வாங்குவது பழைய வழக்கம். "வாங்கிய பின் மாதாமாதம் எவ்வளவு ஆகும்?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியது இக்கால வழக்கம். மிக்ஸியும் தையல் இயந்திரமும் வீட்டுக்கு வந்துவிட்டால் மின்சாரச் செலவோடு சரி. டேப்லெட் அப்படியன்று. இணையம் என்னும் தீனி இல்லையேல் அது பாதி உயிர்தான்.

மேல் வகுப்புக்குச் செல்லும் மகளுக்கு டேப்லெட் ஒன்று வாங்கித் தர எண்ணும் பெற்றோர் கடையில் நின்று திகைக்கும் இடம் ஒன்று உண்டு. "சிம் போடும் மாடல் வேண்டுமா? வை-பை மட்டும் உள்ள மாடல் போதுமா?" என்று விற்பனையாளர் கேட்பார். முதலாவது விலை கூடுதல், இரண்டாவது குறைவு. "வீட்டில்தான் செல்போன் இருக்கிறதே, அதிலிருந்து இணையம் எடுத்துக்கொள்ளலாமே" என்று ஒருவர் சொல்வார். "நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது?" என்று மற்றவர் தயங்குவார். இவ்விருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. எவர் பேச்சு எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை இங்குச் சற்று ஆராய்வோமா?

இருவகை டேப்லெட்டுகள்

1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் என்ற பொறியியலாளர் கையடக்கத் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அமெரிக்காவில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்தது வை-பை மட்டும் உள்ள மாடல். அம்மாத இறுதியில்தான் சிம் போடும் மாடல் வந்தது. முன்னதன் தொடக்க விலை 499 டாலர், பின்னதன் விலை 629 டாலர். ஆக, நாம் இன்று பேசும் இந்தக் கேள்வி டேப்லெட் பிறந்த மாதத்திலேயே உடன் பிறந்துவிட்டது!

வை-பை மாடலுக்குச் செல்போன் கோபுரத்துடன் பேசத் தெரியாது. அருகில் உள்ள வை-பை கருவியுடன் மட்டுமே பேசும். அந்தக் கருவி வீட்டின் அகன்ற அலைவரிசை இணைப்பாகவும் இருக்கலாம், ஒரு செல்போனாகவும் இருக்கலாம். சிம் மாடலிலோ கோபுரத்துடன் பேசும் மோடம், அதற்குரிய ஆன்டெனா, சிம் வைக்கும் இடம் ஆகியவை கூடுதலாக உள்ளன. புதிய மாடல்கள் சிலவற்றில் சிம் கார்டு செருகும் இடமே இல்லை. இ-சிம் என்ற முறையில் இணைப்பு கருவிக்குள்ளேயே பதிவாகிறது.

தண்ணீரை உவமையாகக் கொள்வோம். சிம் மாடல், தனக்கென்று தனிக் குழாய் இணைப்பு உள்ள வீடு. வை-பை மாடல், அடுத்த வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் வைத்துப் பிடிக்கும் வீடு. தண்ணீர் ஒன்றுதான். ஆனால் அடுத்த வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால்? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

செல்போன் இணையத்தைப் பகிர்வது எப்படி?

செல்போனின் இணையத்தை வேறொரு கருவிக்குக் கொடுப்பதை டெதரிங் என்பர். கன்றைக் கயிற்றால் கட்டுவதைக் குறிக்கும் சொல் அது. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமே கன்று மேயும். டேப்லெட்டின் நிலையும் அதுவே. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஹாட்ஸ்பாட். செல்போன் தன்னையே ஒரு சிறு வை-பை நிலையமாக மாற்றிக்கொள்கிறது. வேகம் நன்றாக இருக்கும், கருவிகள் பல சேரலாம், ஆனால் பேட்டரி விரைவில் கரையும்.

இரண்டாவது, யூ.எஸ்.பி. கம்பி. எல்லா டேப்லெட்டும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவந்தால் இணைப்பு நிலையாக இருக்கும்.

மூன்றாவது, புளூடூத். வேகம் நொடிக்கு மூன்று மெகாபிட்டைத் தாண்டாது, நடைமுறையில் அதிலும் குறைவு. கடிதம் படிக்கவும் பாடக்குறிப்பு பெறவும் போதும், காணொளிக்குப் போதாது. ஆனால் பேட்டரிச் செலவு குறைவு.

புளூடூத் என்றதும் நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டிய பெண்மணி ஒருவரின் நினைவு வருகிறது. 1914-இல் வியன்னாவில் பிறந்து, ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகையாக விளங்கியவர் ஹெடி லமார். இரண்டாம் உலகப்போரின்போது, கடலடியில் பாயும் டார்பிடோவை வானொலி அலையால் செலுத்துகையில் எதிரி அந்த அலையைக் கெடுத்துவிடாதிருக்க என்ன வழி என்று சிந்தித்தார். அலைவரிசையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவவிட்டால் எதிரியால் பின்தொடர முடியாது என்ற யோசனைக்கு, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலுடன் சேர்ந்து 1942-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் அவர்கள் திட்டத்தில் இருந்தன. அப்போரில் அது பயன்படவில்லை. ஆனால் அதே வகையான தாவும் முறைதான் இன்று புளூடூத்திலும் உள்ளது. நொடிக்கு 1,600 முறை வரை அது தாவுகிறது! 2014-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் ஹெடி லமாரின் பெயர் சேர்க்கப்பட்டது. நடிப்புக்குப் பேர் வாங்கியவர் அறிவுக்குப் பேர் வாங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

பணக் கணக்கு

இனி, கூட்டல் கழித்தலுக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான சாதாரண ஐபேடை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் வெளியீட்டின்போது வை-பை மாடலின் தொடக்க விலை ரூ. 34,900. சிம் மாடலின் விலை ரூ. 49,900. வேறுபாடு ரூ. 15,000. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் விலையும் வேறுபாடும் இதைவிடக் குறைவாகவே இருப்பதுண்டு. ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

செலவு அங்கே முடிகிறதா? இல்லை. தனி சிம்முக்குத் தனி ரீசார்ஜ் வேண்டும். 2024 ஜூலையில் ஜியோ நிறுவனம் அறிவித்த கட்டணப்படி, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ரூ. 299. "மாதம் முந்நூறு ரூபாய்தானே" என்று சொல்லிவிடுகிறோம். 28 நாள் என்பது மாதமன்று! ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். 13 முறைக்கு ரூ. 3,887. மூன்றாண்டுப் படிப்புக்கு ரூ. 11,661. இதனுடன் விலை வேறுபாட்டையும் கூட்டினால் ரூ. 26,661. அதாவது, சிம் மாடல் வாங்கிய குடும்பம் மூன்றாண்டில் கூடுதலாகச் செலவிடும் தொகை, இன்னொரு நல்ல டேப்லெட்டின் விலைக்கே நெருங்கி வருகிறது. கட்டணங்கள் மாறும். ஆகவே வாங்கும் நாளன்று உள்ள கட்டணத்தை வைத்து நீங்களே இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டேட்டா கணக்கு

"அப்படியானால் பகிர்ந்துகொள்வதே இலாபம்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒரே குழாயில் இரண்டு குடம் வைத்தால் எந்தக் குடமும் சீக்கிரம் நிறையாது.

கணித வகுப்பில் செய்வதுபோல் செய்வோம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளியைச் சாதாரணத் தெளிவுள்ள பாடக் காணொளி என்று கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் 3,600 நொடிகள், ஆக 3,600 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டால் வகுக்க, 450 மெகாபைட். 1.5 ஜிபியை இதனால் வகுத்தால் சற்றேறக்குறைய மூன்று மணி இருபது நிமிடம். மாலையில் மகள் இரண்டு மணி நேரம் பாடம் பார்த்தால் 900 மெகாபைட் போய்விடும். தந்தைக்கு மிஞ்சுவது 600 மெகாபைட். காணொளியின் தெளிவைக் கூட்டினால் அதுவும் மிஞ்சாது.

அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் இணையம் நின்றுவிடாது, ஆனால் 64 கிலோபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். அவ்வேகத்தில் ஒரு மெகாபைட் படம் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். டேப்லெட்டைப் பொறுத்தவரை ஹாட்ஸ்பாட்டும் ஒரு வை-பைதான். "வை-பை கிடைத்துவிட்டது, இனிக் குறைவேது?" என்று எண்ணிக்கொண்டு, மென்பொருள் புதுப்பித்தலையும் படங்களைச் சேமித்து அனுப்புவதையும் அது தானாகவே தொடங்கிவிடும். சில கருவிகள் இது செல்போன் இணைப்பு என்று தாமே உணர்ந்து அடக்கமாக இருக்கும், சில உணராது. ஆதலால் ஐபேடில் 'குறைந்த டேட்டா' முறையை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த வை-பை இணைப்பை 'அளவிடப்பட்டது' என்று குறித்து வைக்க வேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விட்டால், பாடம் தொடங்குமுன்பே அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்து போகக்கூடும்.

மத்தளத்துக்கு இருபக்கமும் இடி

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்கள். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் செல்போன் மத்தளம் போன்றது. ஒரு பக்கம் கோபுரத்துடனும் மறுபக்கம் டேப்லெட்டுடனும் இடைவிடாது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சூடேறும், பேட்டரி வேகமாகக் குறையும். இன்றைய செல்போன்களில் ஏறத்தாழ 5,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருக்கிறது. டேப்லெட்டிலோ 7,000 முதல் 10,000 வரை. சிறியது பெரியதைச் சுமப்பது எத்தனை நேரத்துக்கு? செல்போனைத் தலையணைக்கு அடியிலோ வெயில்படும் இடத்திலோ வைத்து ஹாட்ஸ்பாட் இயக்குவது கூடாது.

இரட்டை சிம் செல்போன்களில் மற்றொரு தொல்லை உண்டு. ஒரு சிம்மில் இணையம் ஓடும்போது இன்னொன்றில் அழைப்பு வந்தால், பல செல்போன்களில் இணையம் அதுவரை நின்றுவிடும். தேர்வுப் படிவத்தை அனுப்பும் வேளையில் உறவினர் ஒருவர் நலம் விசாரிக்க அழைத்தால் படிவம் பாதியில் நிற்கும்!

பகிர்வு முறைக்கு ஒரு நன்மையும் உண்டு. கனத்த சுவர்களுள்ள வீட்டின் உள்ளறையில் கோபுர அலை வலுவிழந்து போகும். செல்போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு, டேப்லெட்டை உள்ளே மேசைமீது வைத்துப் படிக்கலாம். சிம் உள்ள டேப்லெட்டாயின் அதையே ஜன்னலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். ஊரில் அலையே எட்டாத இடம் என்றால் இரண்டும் ஒன்றுதான். கோபுரம் இல்லாத இடத்தில் விலை உயர்ந்த மாடலும் வெறும் கண்ணாடிப் பலகையே.

செல்போன் வெளியே போனால்?

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அது பணத்தைப் பற்றியதன்று. அந்தச் செல்போன் யாருடையது? பகலில் அது எங்கே இருக்கும்?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் செல்போன் வழியே வந்த காலத்தை நாம் மறக்கவில்லை. ஒரே செல்போன் உள்ள வீடுகளில், தந்தை வேலைக்குப் புறப்பட்டபோது வகுப்பறையும் அவர் சட்டைப்பையில் ஏறிப் புறப்பட்டது. அவர் இரவு திரும்பிய பிறகே பிள்ளைகள் அன்றைய பாடத்தைப் பார்க்க முடிந்தது. ஒரு செல்போனுக்கு இரு பிள்ளைகள் காத்திருந்த வீட்டில், "அண்ணன் முதலில் முடிக்கட்டும், உனக்கு வீட்டு வேலை இருக்கிறதே" என்ற சொல்லைக் கேட்ட பெண் பிள்ளைகள் உண்டு. டேப்லெட் மகளுடையதாக இருக்கலாம், இணையம் பிறர் சட்டைப்பையில் இருக்கும்வரை அவள் படிப்பின் நேரம் அவள் கையில் இல்லை.

இதைச் சொல்வது எவரையும் குறைகூற அன்று. சம்பாதிப்பவருக்குச் செல்போன் தொழில் கருவி. அதை வீட்டில் விட்டுச் செல்ல இயலாது. ஆகவேதான் வாங்குமுன் யோசிக்க வேண்டும். தாயார் வீட்டில் இருந்து, அவரிடம் இணையமுள்ள செல்போனும் இருந்தால் பகிர்வு முறை தடையின்றி நடக்கும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் நடக்காது.

பெற்றோர் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகள்

"தனி சிம் கொடுத்தால் பிள்ளை யார் யாருடனோ பேசுவாளோ?" என்று தயங்கும் பெற்றோர் உண்டு. நம் நாட்டில் 18 வயது நிறையாதவர் பெயரில் சிம் வழங்கப்படுவதில்லை. பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும். கணக்கும் அவர்கள் பார்வையில்தான் இருக்கும். ஐபேடில் சிம் இருந்தாலும் சாதாரணத் தொலைபேசி அழைப்பு பேச இயலாது, இணையத்துக்கு மட்டுமே அது பயன்படும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் சிலவற்றில் பேசலாம். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒன்று: இணையம் எந்த வழியாக வந்தாலும் அதில் வரும் நல்லதும் தீயதும் ஒன்றே. சிம் இல்லாததால் காவல் ஏற்பட்டுவிடுவதில்லை. பேசிப் பழகி நம்பிக்கை வளர்ப்பதே காவல்.

தொலைந்துபோனால் என்ன? சிம் போடும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் உண்டு. 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில், காவல்துறைப் புகாரின் நகலுடன் இந்த எண்ணைக் கொடுத்துக் கருவியை முடக்கச் செய்யலாம். வை-பை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கு அந்த எண் கிடையாது, ஆகையால் இவ்வழியும் இல்லை. மேலும், சிம் உள்ள டேப்லெட் வழியில் தொலைந்தாலும் கோபுரத் தொடர்பு இருக்கும்வரை தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கக்கூடும். பெட்டியில் உள்ள எண்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். செல்போன் எண்ணையோ பிறந்த நாளையோ கடவுச்சொல்லாக வைத்தால், பக்கத்தில் இருப்பவர் ஊகித்து நம் டேட்டாவைக் குடித்துவிடுவார். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

எந்த வீட்டுக்கு எது?

வீட்டில் அகன்ற அலைவரிசை வை-பை இருந்து, பள்ளிக்கு டேப்லெட் கொண்டு போவதில்லை என்றால் வை-பை மாடலே போதும். கூடுதல் பணம் வீண்.

வீட்டில் எப்போதும் ஒரு செல்போன் இருக்கும், படிப்புக்கு நாளொன்றுக்கு ஓரிரு மணி நேர இணையம்தான் வேண்டும் என்றாலும் வை-பை மாடலே ஏற்றது. பாடக் காணொளியை டேட்டா உள்ள நேரத்தில் இறக்கி வைத்துப் பிறகு பார்க்கலாம்.

பெற்றோர் இருவரும் பகல் முழுவதும் வெளியே இருப்பர், வீட்டில் வேறு இணைப்பு இல்லை, மகள் தனியே நேரலை வகுப்பில் அமர வேண்டும் என்றால் தனி சிம் ஆடம்பரமன்று, தேவை. செல்போன் ஒரு நிறுவனத்தின் இணைப்பாக இருந்தால் டேப்லெட்டுக்கு வேறு நிறுவனத்தின் சிம் வாங்குவது நல்லது. ஒன்று படுத்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கச் செல்பவர்கள் முதலில் விடுதியின் விதியைக் கேட்க வேண்டும். அங்கே வை-பை உண்டா, தனிக் கருவிக்கு அனுமதி உண்டா என்று அறிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். சிம் மாடலை சிம் இல்லாமலும் உபயோகிக்கலாம். வை-பை மாடலைப் பின்னால் சிம் மாடலாக மாற்ற இயலாது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இவ்விஷயத்தில் செல்லாது. ஆயினும் முற்றிலும் கதவு அடைந்துவிடவில்லை. சிம் போட்டு வைக்கும் கையடக்க வை-பை கருவி ஒன்றைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். பழைய செல்போன் ஒன்று பெட்டியில் உறங்கினால் அதில் ஒரு சிம் போட்டு வீட்டிலேயே ஹாட்ஸ்பாட்டாக வைக்கலாம். 15,000 ரூபாய் மிச்சம், செல்போனும் வெளியே போகாது! பலருக்கும் தோன்றாத இந்த வழிதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு மிகவும் உகந்தது எனலாம்.

வாங்குமுன் ஒரு வாரச் சோதனை

இத்தனையும் படித்த பின்னும் முடிவு தோன்றவில்லையா? ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். ஒரு வாரம், நாள்தோறும் மூன்று செய்திகளைக் குறியுங்கள். இன்று படிப்புக்கு இணையம் எந்த நேரத்தில் தேவைப்பட்டது? அந்த நேரத்தில் வீட்டில் செல்போன் இருந்ததா? அந்தச் செல்போனில் எவ்வளவு டேட்டா மீதி இருந்தது? ஏழு நாளில் நான்கு நாள் "செல்போன் இல்லை" என்று வந்தால் தனி சிம் வேண்டும். ஒரு நாள்தான் அப்படி வந்தது என்றால் பணத்தைச் சேமிக்கலாம். இக்குறிப்பை மகளே எழுதித் தந்தையிடமும் தாயிடமும் காட்டட்டும். கண்ணீரும் கெஞ்சலும் செய்யாததை ஒரு பக்கக் கணக்கு செய்துவிடும்.

முடிவு எதுவாயினும் ஒரு நிபந்தனை இருக்கட்டும். பகிர்வு முறை என்றால், மாலையில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை செல்போன் படிப்புக்கு என்று வீட்டில் அனைவரும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மகனுக்குள்ள நேரம் மகளுக்கும் குறையாமல் இருக்கட்டும். தனி சிம் என்றால், இணையம் எத்தனை மணிக்கு அணையும் என்பதை மகளே முன்வந்து சொல்லட்டும். வீட்டார் ஒருவருக்கொருவர் இப்படி நேரம் ஒதுக்கிக் கொடுத்தால், குறைந்த விலை டேப்லெட்டும் நிறைந்த பயன் தரும்.